தங்கைக்குக் கொடுத்த ஆடிட் லீவு

பனியன் கம்பெனிகளில் ஆடிட் லீவு என்று ஒன்று உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், கம்பெனி எப்படி நடக்கிறது என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் வருகிற அன்றைக்கு, கண்ணில் படக்கூடாதவர்களை எல்லாம் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயது பற்றாத பிள்ளைகள், நிறைமாதக்காரிகள், ஓயாமல் இருமுகிறவர்கள். மிச்சம் இருப்பவர்கள் தலைக்குத் தொப்பியும் மூக்குக்குத் துணியும் கட்டிக்கொண்டு லட்சணமாக உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். மறுநாள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைத்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோமே, அந்த மாதிரிதான்.

இந்த லீவு கொடுப்பதில் ராக்கம்மாள் கெட்டிக்காரி. ஊத்துக்குளி ரோட்டில் மகுடேஸ்வரன் நடத்திய ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வந்த பனியனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற பிரிவு அது. சரக்கைச் சோதிக்க வருகிறவர் எந்தப் பக்கத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். நல்ல உருப்படிகள் அந்தப் பெட்டியில்தான் இருக்கும். அவள் அடுக்கிய சரக்கு திரும்பி வந்ததே இல்லை என்று முதலாளி வாய்க்கு வாய் சொல்வார். அதைக் கேட்டு அவள் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன். படிக்காத ஒரு பெண்ணுக்கு, சொந்தமாக நாலு ஆள் இல்லாத ஊரில், அந்தப் பேர் பெரிய சொத்து.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பேர் ரங்காத்தாள். ஊத்துக்குளிக்காரி. சர்க்கார் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள். வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும்.

ராக்கம்மாள் ஆண்டிபட்டிப் பக்கம். கல்யாணம் ஆன இரண்டாம் வருஷமே புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். தாய் தகப்பன் இல்லாத தங்கை வேல்விழியைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பிசிறு வெட்டுகிற வேலையில் தொடங்கினாள். தங்கையையும் அதே கம்பெனியில் சேர்த்தாள். சாயப்பட்டறையில் வேலை செய்த ராஜபாண்டிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தாள். அவர்களுக்குப் பாண்டிச்செல்வி என்று ஒரே மகள். லைன் வீட்டில் அடுத்தடுத்த இரண்டு அறைகள். பிள்ளை பெற்றது வேல்விழி, வளர்த்தது ராக்கம்மாள். செல்விக்குத் தலை சீவிவிடுவது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் பெரியம்மாதான். அந்தப் பெண்ணும் ராத்திரிக்குப் பெரியம்மா அறையில்தான் படுக்கும். தனக்குப் பிள்ளை இல்லை என்கிற நினைப்பே ராக்கம்மாளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இனி டாக்டர் கீர்த்தனா. கோயமுத்தூர்ப் பெண். ஒல்லியாக, பார்த்தால் காலேஜில் படிக்கிறவள் மாதிரி இருப்பார். கருப்பை வாயில் புற்று முற்றிப்போய் வருகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்தவர். அது ஒரே நாளில் வருகிற வியாதி இல்லை. பல வருஷம் உள்ளேயே சத்தம் காட்டாமல் இருக்கும். வினிகரைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் ஒற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கெடத் தொடங்கிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே, அப்போதே உறையவைத்து அழித்துவிடலாம். அங்கங்கே பரிசோதனையில் இருந்த முறைதான். டாக்டரின் யோசனை என்னவென்றால், ஆஸ்பத்திரிப் படியேறாத பெண்களை வேலை செய்கிற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். பார்க்கிற வேலையை என்னைப் போன்ற நர்ஸுகளே செய்ய வேண்டும். இது நடக்குமா, இப்படிப் பார்த்தால் நோய் உண்மையிலேயே முன்கூட்டி அகப்படுமா என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு.

அதற்குப் பணம் தேடி அவர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! சென்னையில் கேட்டார், டெல்லிக்கு எழுதினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: முதலில் ஆதாரம் காட்டுங்கள், பிறகு பணம். ஆதாரம் காட்டத்தான் பணமே கேட்கிறேன் என்று இந்தப் பெண் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் கை கொடுத்தவர் மகுடேஸ்வரன். அவருடைய அம்மா நஞ்சம்மாள் இதே வியாதியில் போனவர். மகனிடம்கூட வெட்கப்பட்டு மறைத்து, படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்ததாம். அம்மா பேரில் இருந்த அறக்கட்டளையிலிருந்து தருவதாகச் சொன்னார். ஆனால் வியாபாரி இல்லையா, பேச்சும் வியாபாரப் பேச்சுதான். முதலில் என் கம்பெனியில் சாம்பிள் பாருங்க அம்மணி, சரியா வந்தா எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து பல்க்கா பண்ணிக்கலாம் என்றார். டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டாயிரத்து நாலில் நாங்கள் கம்பெனிக்குள் மேஜை போட்டோம்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் குலுக்கிப்போட்டு ஆள் எடுப்பது, யாருக்கு டோக்கன் விழுகிறதோ அவர் மட்டும் வருவது என்று ஏற்பாடு. வேல்விழிக்கும் டோக்கன் விழுந்தது. பெண்களை வரிசையாக அனுப்புகிற பொறுப்பை முதலாளி ராக்கம்மாளிடம் கொடுத்தார். வெளியிலிருந்து வந்து பார்க்கிறாங்க, பார்த்து அனுப்பும்மா என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருஷம்தான் ஒரு தையல்காரிக்கு டிபி என்று தெரிந்து, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவள் கையில் காசைக் கொடுத்து கேட் வரை கொண்டுவிட்டது ராக்கம்மாள். இப்போது வேல்விழிக்கோ மாதவிலக்கு முடிந்த பிறகும் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நாளெல்லாம் நின்று வேலை செய்கிற சூடு என்று அக்கா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். சோதனையில் இது தெரிந்தால் தங்கைக்கு வேலை போகும், கம்பெனிக்குப் பேர் போகும். இரண்டையும் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

ஆடிட் லீவு கொடுத்தாள். வேல்விழியையும், சோகை பிடித்த மாதிரி இருந்த மற்றப் பெண்களையும், இடுப்பு வலி வெள்ளைப்படுதல் என்று எப்போதோ அவளிடம் சொன்னவர்களையும், முதலிபாளையத்தில் இருந்த கம்பெனி குடோனுக்குப் பெட்டி ஒட்டும் வேலைக்கு அனுப்பிவைத்தாள். அவர்களுடைய டோக்கனைத் திடமான பெண்களிடம் கொடுத்து, கூப்பிட்டால் அந்தப் பேருக்கு நான்தான் என்று போய் நில்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். வேல்விழி என்று நான் கூப்பிட்டதும் தொப்பியும் மூக்குத் துணியுமாக ஒருத்தி வந்து படுத்தாள். பார்த்தேன். குறை எதுவும் இல்லை. எழுந்து போம்மா, நல்லா இருக்கறே என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றுமே அகப்படவில்லை. டாக்டர் குழம்பிப்போனார். மகுடேஸ்வரனுக்கோ சந்தோஷம். நம்ம பொம்பளைங்களுக்கு அந்த வியாதி இல்லீங்க அம்மணி, கடவுள் புண்ணியம் என்று சொல்லிவிட்டு, பல்க் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டார். அந்தத் தீபாவளிக்கு ராக்கம்மாளுக்குத் தனியாகப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தாராம்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் வேல்விழி வேலை செய்கிற இடத்திலேயே ரத்தத்தில் நனைந்து விழுந்தாள். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கருப்பையைத் தாண்டி இடுப்பு எலும்பு வரை பரவியிருந்தது. கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைக்கலாம், வலிக்கு மருந்து கொடுக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி டாக்டர் கீர்த்தனாவுக்கு வந்தது. ஆய்வில் வேல்விழி நல்லபடியாகத் தேறியவள் அல்லவா? டாக்டர் இடிந்துபோனார். நான் மட்டும் என்ன? என் கண்ணால் பார்த்துத்தானே நல்லா இருக்கறே என்றேன். முப்பது வருஷம் பிரசவம் பார்த்த கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே கோட்டைவிட்டேன் என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? டெல்லியில் ஓரிடத்தில் மறுபடி விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. இந்தப் பெண் தானாகவே அவர்களுக்கு எழுதினார், என் முறையில் ஒரு புற்று தப்பிவிட்டது, இதை நம்ப முடியாது என்று. பொய் சொல்லவே வராது அவருக்கு. அதுவும் ஒரு வியாதிதான். அவர்கள் உடனே கையை விரித்தார்கள். வேலையை விட்டு வெளிநாட்டில் அண்ணனிடம் போய்விடுவதாக டாக்டர் முடிவு செய்தார்.

போவதற்கு முன்னால் வேல்விழியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் கிடந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தால் யாரைத்தான் தெரியும்? ராஜபாண்டி கால்மாட்டில் நின்றான். ராக்கம்மாள் தலைமாட்டில் இருந்தாள். பக்கத்தில் செல்வி, பதின்மூன்று வயது, பாவாடை தாவணியில். டாக்டர் வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, எங்கள் தப்பு என்று சொல்லி அழுதார்.

வேல்விழி ஒரு தடவை அக்காவைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்.

"நீங்க என்ன செய்வீக டாக்டரம்மா. அன்னைக்கு நல்லாத்தான் பாத்தீக. அப்ப எனக்கு ஒண்ணும் இருந்திருக்காது. பெறகு வந்துருக்கும்."

ராக்கம்மாள் தங்கையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நாங்கள் அந்த அறையை விட்டு வந்த பிறகு, அப்பாவும் மகளும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, செல்விக்கும் அவள் அப்பாவுக்கும் இது என்றைக்கும் தெரியக் கூடாது என்று வேல்விழி அக்காவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் போன பிறகு என் மகளுக்கு நீதான், உன்னை அவள் வெறுத்துவிடக் கூடாது என்று சொன்னாளாம். தை மாதம் பிறப்பதற்கு முன் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ராக்கம்மாள் ஊத்துக்குளிக்கு என் வீட்டைத் தேடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டோக்கனை மாற்றியது, குடோனுக்கு அனுப்பியது, தங்கை வாங்கிய சத்தியம், எல்லாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடிப்பாவி, ஆளைக் கொன்னுட்டு எங்க தலையில போட்டுட்டியே என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அன்றைக்கு நீங்கள் பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று. நான் தெரியாது என்றேன். நான் டாக்டர் கீர்த்தனா இல்லை, எனக்குப் பொய் வரும்.

ஆத்திரம் அடங்கின பிறகு கேட்டேன், சத்தியம் பண்ணிக் கொடுத்தவள் ஏன் இப்போது சொல்ல வந்தாய் என்று.

"டாக்டரம்மா ஊரை விட்டுப் போறாகளாம்ல சிஸ்டர்," என்றாள். "அன்னைக்குக் குடோனுக்குப் போனவளுக வேல்விழி மட்டும் இல்ல. மத்தவளுக இன்னும் வேலைக்கு வந்துட்டுத்தான் இருக்காளுக. அவளுகள ஆரு பாப்பா?"

இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம் என்று சொல்ல ஆசைதான். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

மகுடேஸ்வரன் வீட்டுக்குப் போனோம். டாக்டரையும் வரச் சொன்னோம். வேல்விழி விஷயம் என்று சொல்லியிருந்ததால், போனவளின் புருஷனும் இருக்கட்டும் என்று முதலாளியே ராஜபாண்டியைக் கூப்பிட்டு வைத்திருந்தார். அவனைக் கண்டதும், வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று நான் ராக்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். என்னிடம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல், அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

கம்பெனி பேருக்காகத்தானேம்மா பண்ணினே, விடு என்றார் முதலாளி. ஆறுதலாகத்தான் சொன்னார். ராக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்படிச் சொல்லாதீக மொதலாளி. அந்தப் பேரச் சொல்லித்தான் எம் தங்கச்சியப் பறிகுடுத்தேன். திரும்ப மேசை போடச் சொல்லுங்க. இந்தத் தடவ ஒருத்தியையும் ஒளிக்க மாட்டேன்."

மகுடேஸ்வரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் அம்மாவை நினைத்தாரோ என்னவோ. டாக்டர் பக்கம் திரும்பி, சாம்பிளே தப்பாப் போயிருக்குதுங்க அம்மணி, மொதல்ல இருந்து பண்ணுங்க, பணத்துக்கு நான் ஆச்சு என்றார். தன் முறை தோற்கவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தை அந்த இடத்தில் டாக்டர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

வெளியே வந்ததும் ராஜபாண்டி அவள் முன்னால் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவன் கையை ஓங்கவில்லை.

"அவ சாகுற வரைக்கும் உங்கள விட்டுக்கொடுக்கலயே மதினி," என்றான். "எங்கிட்டக்கூடச் சொல்லலயே."

அவ்வளவுதான் சொன்னான். அந்த வாரமே சாமான்களைக் கட்டி, செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போய்விட்டான். அவன் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னான் என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு ராக்கம்மாள் ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, செல்வி, செல்வி என்று கூப்பிட்டிருக்கிறாள். அது ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருமுறை நேரில் போனாள். வாசலில் நிற்க வைத்தே அனுப்பினார்கள். பெண் உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் அறையில் பிள்ளையின் பழைய ஜடை ரிப்பன்களோடு ராக்கம்மாள் தனியாக இருந்தாள்.

இரண்டாவது தடவை மேஜை போட்டபோது அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சூப்பர்வைசர் வேலையை அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாதாரணச் செக்கிங் ஆளாக இருந்தாள். யாருக்கு டோக்கன் விழுந்ததோ அவளே வந்தாள். வராதவளை ராக்கம்மாள் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தாள். எந்த நோய் தெரிந்தாலும் யாருக்கும் வேலை போகாது என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் அவள் கூப்பிடவே போனாள். அவரை அப்படிச் சொல்ல வைத்ததும் அவள்தான். இந்தத் தடவை வெள்ளைத் திட்டுகள் என் கண்ணுக்குத் தெரிந்தன. முன்பு குடோனுக்குப் போனவர்களில் பலர் அதில் இருந்தார்கள். அநேகம் பேருக்கு அங்கேயே சரி செய்து அனுப்பினோம். அதைக் காட்டி டாக்டர் டெல்லிக்கு எழுதினார், பணம் வந்தது, மற்றக் கம்பெனிகளுக்கும் போனோம். டாக்டர் வெளிநாட்டுக்குப் போகவில்லை. இதெல்லாம் சந்தோஷமான சமாச்சாரம்தான். எனக்கு ஏனோ சந்தோஷமாகச் சொல்ல வரவில்லை.

அந்த இரண்டாவது தடவையில் வெள்ளகோவில் பக்கத்துக்காரி சுப்பாத்தாள் என்று ஒருத்தி எங்கள் மேஜைக்கு வந்தாள். அவளும் அந்தக் குடோன் பெண்களில் ஒருத்தி. கொஞ்சம் விட்டிருந்தால் வேல்விழி போன வழியில் போயிருப்பாள். ஆபரேஷன் ஆகி, இரண்டு வருஷம் தொந்தரவு இல்லாமல் இருந்தாள். போன வருஷம், இரண்டாயிரத்து எட்டில், டாக்டர் அவளைக் கடைசியாகப் பார்த்து, இனி பயமில்லை என்று சொன்ன அன்று, ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ராக்கம்மாளைத் தேடிப் போனாள். நானும் கூட இருந்தேன். செக்கிங் டேபிளில் வேலையாக இருந்தவளின் கையைப் பிடித்து, நீங்க கூட்டிட்டு வரலீன்னா நான் இல்லீங்கக்கா, எம்பட புள்ளைங்க ரெண்டும் நடுத்தெருவுல நின்னுருக்கும் என்று சொன்னாள்.

ராக்கம்மாள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் பொட்டப்புள்ளைகளா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கக்கா. பெரியவ பத்தாவது."

"ஒங்கூடப் பேசுதுகளா?"

சுப்பாத்தாளுக்குக் கேள்வி விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏனுங்கக்கா, பெத்தவகிட்டப் பேசாம இருக்குமுங்களா? ராவெல்லாம் ஒரே பேச்சுத்தானுங்க," என்றாள்.

"பேசட்டும்," என்றாள் ராக்கம்மாள். "தூக்கம் வந்தாலும் கேட்டுக்கிட்டே இரு."